இஸ்திரிப்பெட்டிக்கு இடமில்லாத கப்பல்

கோயம்புத்தூருக்குக் கடல் கிடையாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கே இறங்கினால் நான்கைந்து மணி நேரத்தில் கொச்சித் துறைமுகம். அங்கிருந்தோ, சென்னையிலிருந்தோ சொகுசுக் கப்பலில் ஏற முன்பதிவு செய்யும் கொங்கு நாட்டுக் குடும்பத்துக்கு, பயணச்சீட்டோடு ஒரு விதிப் பட்டியலும் வந்து சேரும். விருந்து அறைக்கு அரைக்கால் சட்டையில் வரக் கூடாது. அறையில் இஸ்திரிப்பெட்டி வைத்திருக்கக் கூடாது. கரைக்கு இறங்கினால் கப்பல் கிளம்ப அரை மணி நேரம் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும். பயணம் தொடங்கும்போது பாதுகாப்பு ஒத்திகைக்கு எல்லோரும் வந்தாக வேண்டும். காசு கொடுத்து ஓய்வெடுக்கப் போகிறவர்களுக்கு எதற்கு இத்தனை கட்டுப்பாடு? இந்த விதிகளில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கப்பலின் அடித்தளம் வரை இறங்கிப் பாருங்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு பொறியியல் அதிசயம் இருக்கிறது.

முதலில் கப்பலின் அளவைப் பார்ப்போம். 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்த சொகுசுக் கப்பல் சேவையில் ஓடியது கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’. 1990-ல் பிரான்ஸ் நாட்டின் சான் நசேர் தளத்தில் ‘நார்டிக் எம்ப்ரஸ்’ என்ற பெயரில் கட்டி முடிக்கப்பட்ட கப்பல் இது. நீளம் சுமார் 210 மீட்டர். ஏறக்குறைய ஒன்பது ரயில் பெட்டிகளின் நீளம். மொத்தம் 11 தளங்கள். ‘48,000 டன் கப்பல்’ என்று இதைப் பற்றி எழுதுவார்கள். அந்த எண் கப்பலின் எடையைச் சொல்வதில்லை. உள்ளே அடைபட்டிருக்கும் இடத்தைச் சொல்கிறது. கப்பலின் மொத்தக் கொள்ளளவை ஒரு சூத்திரத்தில் போட்டு வரும் அளவு அது. திருப்பிக் கணக்குப் போட்டால் சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம் கன மீட்டர் வருகிறது. அறைகள், அரங்கம், சமையல்கூடம், இயந்திர அறை, தொட்டிகள் எல்லாம் இதற்குள் அடக்கம்.

இவ்வளவு உயரமான கட்டடம் நீருக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கும்? சுமார் 7 மீட்டர்தான். மேலே பல மாடிகள், கீழே இரண்டு மாடி ஆழம். பார்த்தால் கவிழ்ந்துவிடும் போலத் தெரியும். கவிழாமல் இருப்பதற்குக் காரணம் எடையைப் பங்கிட்ட விதம். இயந்திரங்கள், எரிபொருள், நன்னீர்த் தொட்டிகள் என்று கனமானவை அனைத்தும் அடியில் இருக்கும். மேல் தளங்களில் பெரும்பாலும் காற்றும் மனிதர்களும்தான். பல கப்பல்களில் மேல்மாடிகளை எஃகுக்குப் பதில் அலுமினியத்தில் கட்டி இன்னும் எடையைக் குறைக்கிறார்கள்.

மேல் தளத்தில் இருக்கும் பெரிய பாரங்களில் ஒன்று நீச்சல் குளம். அதன் எடையைவிட அதன் அசைவுதான் பொறியாளர்களுக்குக் கவலை. கப்பல் ஒரு பக்கம் சாயும்போது குளத்துத் தண்ணீரும் அதே பக்கம் ஓடும். ஓடிய தண்ணீர் கப்பலை இன்னும் சாய்க்கும். இதைக் ‘கட்டற்ற நீர்ப்பரப்பு விளைவு’ என்கிறார்கள். இதனால்தான் கப்பலின் குளங்கள் ஊரில் இருப்பவற்றைவிடச் சிறியவை. கடல் கொந்தளிக்கும் என்று முன்னறிவிப்பு வந்தால், குளத்தைச் சுற்றி வலை கட்டித் தண்ணீரை வடித்துவிடுவார்கள். குளம் மூடியிருக்கிறதே என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். கப்பல் நிமிர்ந்து நிற்பதற்கான ஏற்பாடு அது.

அப்படியானால் அலை அடிக்கும்போது மேசையில் இருக்கும் சாம்பார்க் கிண்ணம் ஏன் நகர்வதில்லை? நீர்மட்டத்துக்குக் கீழே, கப்பலின் இரு விலாவிலும் ஆளுயரத்தைவிடப் பெரிய துடுப்புகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. சமநிலைத் துடுப்பு, அதாவது ஸ்டெபிலைசர் என்று அதற்குப் பெயர். விமானத்தின் இறக்கையைப் போன்ற வடிவம். கப்பல் சாயத் தொடங்கும் கணத்திலேயே சுழல்மானி, அதாவது ஜைரோஸ்கோப், அதை உணர்ந்துவிடுகிறது. உடனே ஒரு பக்கத் துடுப்பு நுனியை மேல்நோக்கியும், மறுபக்கத் துடுப்பு கீழ்நோக்கியும் திருப்புகின்றன. ஓடும் நீர் ஒரு விலாவை உயர்த்துகிறது, மறு விலாவை அழுத்துகிறது. அடுத்த அலைக்கு இரண்டும் இடம் மாறுகின்றன. இப்படி இரவு பகலாக நடக்கிறது. பக்கவாட்டு ஆட்டத்தில் பெரும்பகுதி பயணிகளுக்குத் தெரியாமலே கரைந்துபோகிறது. 1950-ல் பயணத்தைத் தொடங்கிய ‘சூசன்’ என்ற பிரிட்டிஷ் கப்பல்தான் இந்தத் துடுப்புகளோடு ஓடிய முதல் பெரிய பயணிகள் கப்பல்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. துடுப்பின் விசை கப்பலின் வேகத்தைச் சார்ந்தது. வேகம் பாதியானால் விசை கால் பங்காகிவிடும். அதனால் ஓடும் கப்பல் அமைதியாக இருக்கும், நங்கூரமிட்டு நிற்கும் கப்பல் கூடுதலாக ஆடும். துறைமுகத்துக்குள் நுழையும்போது சுவரில் இடிக்காமலிருக்க இந்தத் துடுப்புகள் மடங்கி விலாவுக்குள் போய்விடுகின்றன. மூக்கு எழுந்து தாழும் முன்பின் ஆட்டத்தைத் துடுப்பால் தடுக்க முடியாது. அந்த ஆட்டம் இரு முனைகளிலும் அதிகம், நடுவில் குறைவு. கண் அசையாத சுவரைப் பார்க்க, உட்செவி அசைவை உணர, இரண்டு செய்திகளும் மோதும்போதுதான் குமட்டுகிறது. மலைப்பாதையில் வாந்தி எடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேட்டு வாங்குவது நல்லது. கண்ணைத் தொடுவானத்தில் வைத்திருந்தால் இரண்டு செய்திகளும் ஒத்துப்போகும்.

இனி உடை விதிக்கு வருவோம். பகலில் எது வேண்டுமானாலும் அணியலாம். ஆனால் ஈர நீச்சலுடையோடு உணவறைக்குள் கூடாது. மாலையில் கொஞ்சம் நேர்த்தியான உடை. சில கப்பல்களில் பயணத்துக்கு ஓரிரு இரவுகள் ‘ஃபார்மல் நைட்’. நீச்சல் குளமும் விருந்து அறையும் அரங்கமும் ஒரே கூரைக்குக் கீழே, நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் இடம் இது. ஜன்னலுக்கு வெளியே காலையிலும் மாலையிலும் அதே கடல்தான். பகலையும் மாலையையும் பிரித்துக் காட்டும் வேலையை உடை செய்கிறது. குளிர்சாதனம் தாராளமாக ஓடுவதால் அரங்கத்துக்குப் போகும்போது ஒரு சால்வை தேவைப்படும். நனைந்த தளத்தில் வழுக்காமலிருக்க ரப்பர் அடி வைத்த செருப்பும் தேவை.

ஃபார்மல் என்றால் கறுப்புக் கோட்டும் டையும்தானா? உடை விதியில் மிகவும் கறாரான கப்பல் நிறுவனங்களில் ஒன்று இங்கிலாந்தின் குனார்டு. அவர்களுடைய ‘குயின் மேரி 2’ கொச்சிக்கும் வந்திருக்கிறது. அந்த நிறுவனமே கோட்டுக்குப் பதிலாக அவரவர் நாட்டின் மரபுடையை ஏற்றுக்கொள்கிறது. சென்னையில் ஒரு கிளப்பில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதிக்கு அனுமதி மறுத்ததும், அப்படி மறுப்பது குற்றம் என்று 2014-ல் தமிழகச் சட்டமன்றம் சட்டம் இயற்றியதும் நினைவிருக்கும். கடலில் அந்தப் போராட்டம் தேவைப்படவில்லை. ஈரோட்டு வேட்டியும் முழுக்கைச் சட்டையும், சிறுமுகைப் பட்டும், புவிசார் குறியீடு பெற்ற கோவை கோரா காட்டன் சேலையும் விருந்து மேசைக்குக் கம்பீரமாகப் பொருந்தும்.

உடையைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. கப்பல் அதிகாரிகளின் தோள்பட்டையைப் பாருங்கள். நான்கு தங்கக் கோடுகள் இருந்தால் கேப்டன் அல்லது அவருக்கு இணையான தலைமைப் பொறியாளர். பிரிட்டிஷ் வணிகக் கப்பல் மரபில், கோடுகளுக்கு நடுவே ஊதா நிறம் இருந்தால் இயந்திரப் பொறியாளர், சிவப்பு இருந்தால் மருத்துவர், வெள்ளை இருந்தால் கணக்கும் விருந்தினர் பணியும் பார்ப்பவர். நெருக்கடி நேரத்தில் யாரைக் கேட்க வேண்டும் என்பதை ஒரு பார்வையில் சொல்லிவிடும் நிறமொழி இது.

சேலைக்கும் வேட்டிக்கும் மடிப்பு எடுக்க வேண்டுமே, இஸ்திரிப்பெட்டியை ஏன் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்? கடலில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி வராது. ஓடிப்போய்த் தெருவில் நிற்கவும் முடியாது. அதனால் கப்பலின் வடிவமே தீயை மனத்தில் வைத்துப் போடப்பட்டது. நீளவாக்கில் சுமார் 40 மீட்டருக்கு ஒன்றாக, அடித்தளத்திலிருந்து மேல் தளம் வரை தீத்தடுப்புச் சுவர்கள் எழுப்பிக் கப்பலைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். நடைபாதையில் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கும் கனத்த கதவுகளை, கப்பலை ஓட்டும் மேடையிலிருந்தே பொத்தானை அழுத்தி மூடிவிடலாம். பணியாளர்கள் தீயணைப்புப் பயிற்சி பெற்றவர்கள். சமையல்கூடத்திலும் கேஸ் அடுப்பின் சுடரைப் பார்க்க முடியாது. தோசைக்கல் உட்பட எல்லாம் மின்சாரம்தான். இவ்வளவு கவனத்தையும், அணைக்க மறந்த ஓர் இஸ்திரிப்பெட்டி ஒரு நிமிடத்தில் வீணாக்கிவிடும். மடிப்பு கலைந்தால் கப்பலின் சலவையகத்தில் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

சலவையகம் என்றதும் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. அத்தனை தண்ணீர் எங்கிருந்து? இந்திய நகரங்களுக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறோம். சொகுசுக் கப்பலில் சமையல், சலவை எல்லாம் சேர்த்துத் தலைக்கு 200 முதல் 300 லிட்டர் ஆகிறது. பயணிகளும் பணியாளர்களுமாக 2,000 பேர் இருந்தால் தினமும் 4 முதல் 6 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் கொண்டுவந்தால் 33 முதல் 50 லாரி. அதில் பெரும்பகுதியைக் கப்பல் கடலிலிருந்தே தயாரித்துக்கொள்கிறது.

தயாரிக்கும் விதம்தான் அழகு. இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் சுமார் 80 டிகிரி சூட்டோடு வெளியே வருகிறது. வீணாகப் போகும் வெப்பம் அது. ஆனால் கடல்நீரைக் கொதிக்க வைக்க 100 டிகிரி வேண்டுமே! இங்கேதான் ஊட்டி உதவிக்கு வருகிறது. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் ஊட்டியில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அங்கே பருப்பு வேகத் தாமதமாவது இதனால்தான். அழுத்தத்தை இன்னும் குறைத்தால் கொதிநிலை இன்னும் இறங்கும். கப்பலில் ஒரு மூடிய கலத்திலிருந்து காற்றைப் பெருமளவு உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள். அதற்குள் கடல்நீர் 40, 50 டிகிரியிலேயே கொதிக்கிறது. உப்பு கீழே தங்கிவிட, ஆவி மேலே போய்க் குளிர்ந்து நன்னீராகிறது. எரிபொருள் செலவு கூடாமல், இயந்திரம் வெளியேற்றும் சூட்டிலிருந்தே குடிநீர் பிறக்கிறது. கரையோரக் கடலில் அழுக்கு அதிகம் என்பதால் இந்த வேலை நடுக்கடலில்தான் நடக்கும். சுத்தமான அந்த நீரில் தாதுக்களும் குளோரினும் சேர்த்த பிறகே குழாய்க்கு அனுப்புவார்கள்.

அந்தக் கலத்திலிருந்து காற்றை உறிஞ்சுவது எது? கோவைக்காரர்கள் இதைக் கேட்டால் புன்னகைப்பார்கள். ‘எஜெக்டர்’ என்ற சாதனம் அது. தண்ணீரைக் குறுகிய துவாரம் வழியாகப் பீய்ச்சினால் அதன் வேகம் கூடும், அங்கே அழுத்தம் குறையும், பக்கத்தில் இருக்கும் காற்றும் நீரும் இழுபட்டு வரும். நம் ஆழ்துளைக் கிணறுகளில் ஓடும் ஜெட் பம்ப்பின் தத்துவம் இதுவேதான். கோவையின் பம்ப்செட் பட்டறைகள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் பொருள், சொகுசுக் கப்பலின் இதயத்தில் வேறு பெயரில் உட்கார்ந்திருக்கிறது. பல கப்பல்களில் கழிவறையும் இதே வெற்றிட உறிஞ்சலில்தான் இயங்குகிறது. வீட்டுக் கழிவறைக்கு ஒரு தடவைக்கு 6 லிட்டர், அதற்கு மேலும் தேவை. இங்கே ஒன்றேகால் லிட்டர் போதும்.

பயன்படுத்திய நீரின் கதையும் கொங்கு நாட்டுக்குப் பழக்கமானது. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்த வழக்கில், கழிவை முழுமையாகச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூட 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன்பிறகு திருப்பூரில் ஆர்.ஓ.வும் எவாப்பரேட்டரும் அன்றாடப் பேச்சாகிவிட்டன. சவ்வின் வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ., கொதிக்க வைத்துப் பிரிக்கும் எவாப்பரேட்டர் என்ற இந்த இரண்டையும் கப்பல்கள் கடல்நீரை நன்னீராக்கப் பயன்படுத்துகின்றன. கப்பலிலிருந்து வெளியேறும் கழிவுக்கு ‘மார்போல்’ என்ற பன்னாட்டு ஒப்பந்தம் எல்லை வகுத்திருக்கிறது. பிளாஸ்டிக்கை உலகின் எந்தக் கடலிலும் கொட்டக் கூடாது. உணவுக் கழிவை அரைத்துத் தூளாக்கினாலும், கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவு தாண்டித்தான் விடலாம்.

கரைக்கு இறங்கிச் சுற்றிப் பார்க்கும் நாளில் இன்னொரு கணக்கு வேலை செய்கிறது. எம்ப்ரஸ் போன்ற கப்பலின் வேகம் மணிக்குச் சுமார் 36 கிலோமீட்டர். பொள்ளாச்சிப் பேருந்தே இதை முந்திவிடும். ஆனால் கப்பல் வழியில் எங்கும் நிற்பதில்லை. இரவு உணவு முடிந்து காலைப் பலகாரத்துக்குள், 12 மணி நேரத்தில், 430 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். நீங்கள் தூங்கும் நேரம் முழுவதும் பயண நேரம். அதனால்தான் பகலைக் கரைக்கென்று ஒதுக்க முடிகிறது.

தாமதமாக வருபவருக்காகக் கப்பல் ஏன் காத்திருப்பதில்லை? தண்ணீர் கொடுக்கும் தடை, வேகம் கூடக் கூட மிக வேகமாக ஏறுகிறது. வேகத்தை இரட்டிப்பாக்க இயந்திர சக்தி ஏறக்குறைய எட்டு மடங்கு வேண்டும். பத்து மணி நேர ஓட்டத்தில் ஒரு மணி நேரம் தாமதமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மீதி ஒன்பது மணியில் போய்ச் சேர வேகத்தை 11 விழுக்காடு கூட்ட வேண்டும். சக்தி 37 விழுக்காடு கூடும், எரிபொருள் செலவு ஏறத்தாழ 23 விழுக்காடு எகிறும். அதோடு, துறைமுகத்தின் வழிகாட்டி மாலுமியான பைலட், இழுவைப் படகுகள், நிற்கும் இடம் எல்லாம் முன்கூட்டியே நேரம் குறித்து ஏற்பாடு செய்தவை. அந்த பைலட் வருவதைப் பார்ப்பதே ஒரு காட்சி. அவருடைய சிறு படகு ஓடும் கப்பலின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே வரும். கயிற்று ஏணியைப் பிடித்து விலாவில் ஏறிவந்து, உள்ளூர் நீரோட்டத்தையும் ஆழத்தையும் கேப்டனுக்குச் சொல்லி வழிகாட்டுவார்.

இறங்கும்போதும் ஏறும்போதும் உங்கள் கப்பல் அடையாள அட்டையை ஒரு கருவியில் காட்டச் சொல்வார்கள். திரையில் உங்கள் படம் தெரியும். யார் கப்பலில், யார் கரையில் என்ற கணக்கு அந்த நொடியிலேயே மாறும். ஆழம் போதாத இடங்களில் கப்பல் தள்ளியே நிற்க, சிறு படகுகள்தான் கரை சேர்க்கும். லட்சத்தீவில் பவளப்பாறைக்கு வெளியே கப்பல் நின்றுவிடும். உள்ளே இருக்கும் நீலப் பரப்பைப் படகில்தான் தாண்ட வேண்டும். பல கப்பல்களில் கரைக்கு அழைத்துப்போகும் அந்தப் படகுகளே ஆபத்து காலத்தின் உயிர்காப்புப் படகுகளும்கூட.

கொச்சியில் இறங்குபவர் முதலில் மிதிக்கும் வில்லிங்டன் தீவில் பெரும்பகுதி மனிதர்கள் சேர்த்தது. ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளரின் திட்டப்படி 1920-களிலும் 30-களிலும் துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கிய நிலம் அது. பக்கத்திலேயே ஃபோர்ட் கொச்சியின் சீன வலைகளும், 1568-ல் கட்டிய மட்டாஞ்சேரி யூதத் தொழுகைக்கூடமும் இருக்கின்றன. இந்தக் கரையோடு கொங்கு நாட்டுக்கு உறவு புதிதில்லை. கொங்கு நாட்டுக் கொடுமணலின் பட்டறைகளில் மணிகள் பட்டை தீட்டப்பட்ட பழங்காலத்தில், பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் இந்தக் கரையில் இருந்த முசிறித் துறைமுகத்துக்குச் சரக்கு போனது. கோவையை அடுத்த வெள்ளலூரில் குவியலாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகள் அந்த வணிகத்தின் சாட்சிகள்.

2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட எம்ப்ரஸ், இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை போகத் தொடங்கியது. காங்கேசன்துறையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் யாழ்ப்பாணமும் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலும். அங்கே ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கப்பலின் உடை விதிக்கும் கோயிலின் உடை விதிக்கும் ஒருசேரப் பொருந்தும் ஆடை பெட்டியில் ஒன்று உண்டென்றால், அது வேட்டிதான்.

கடைசியாக அந்த ஒத்திகை. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியக் கரையோரம் ‘கோஸ்டா கான்கார்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்றுதான் ஏறிய பயணிகளில் பலருக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. அதன்பிறகு, கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று பன்னாட்டு விதி மாறியது. எல்லோரும் கூடுமிடத்துக்கு வந்தபின் கப்பலைக் கைவிடும் உத்தரவு வந்துவிட்டால், அத்தனை பேரையும் ஏற்றிய உயிர்காப்புப் படகுகளும் மிதவைகளும் 30 நிமிடங்களுக்குள் நீரில் இறங்கிவிட வேண்டும் என்பது வடிவமைப்பு அளவுகோல். 2,000 பேர் எங்கே போவது என்று தேடிக்கொண்டிருந்தால் அந்த 30 நிமிடக் கணக்கு தொடங்கவே முடியாது. ஒவ்வொருவரும் தன் இடத்தை அறிந்திருந்தால் போதும்.

எனவே கப்பலில் ஏறியதும் சாப்பாட்டுக் கூடத்தைத் தேடும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் அட்டையிலோ அறைக்கதவின் பின்புறத்திலோ கூடுமிடத்தின் எண் இருக்கும். குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு, லிஃப்ட்டில் ஏறாமல் படிக்கட்டு வழியாக அங்கே ஒருமுறை நடந்துபோய்ப் பாருங்கள். ஏழு குறுகிய ஒலிகளும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் வர வேண்டிய இடம் அது. அதன்பின் பயணம் முழுவதும் நிம்மதியாக அனுபவிக்கலாம்.